குதிரையும் குளியலறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் இதே பக்கத்தில் ஒரு வாசகர், பழைய அடுக்குமாடி வீட்டை முதலீட்டுக்காக வாங்கிவிட்டு, அப்புறம் விற்றவரைத் திட்டித் திரிகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். கண்ணைத் திறந்து பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் பணத்தை ஊழியர் சேமநிதியிலேயே விட்டு வைக்கலாமே என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் பதில் எழுதும் உரிமையும் எனக்கு உண்டு.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 28 ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவள் நான். கண்ணைத் திறந்து பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். எழுதாமல் தள்ளிவிட்டால், அடுத்த மேசைக்காரி கண்டுபிடிக்கவில்லையே என்று யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். என்னைத்தான் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவள் 2016இல், 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் கொஞ்சம் சேர்த்து, ரெலாவில் ஒன்பதாவது மாடியில் மூன்றறை வீடு ஒன்றை 3 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட்டுக்கு வாங்கினேன். நான் குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம் மாதம் 950 ரிங்கிட் வாடகைக்கு இருந்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு வரும். கையில் பென்ஷன் இல்லாதவளுக்கு அது பெரிய ஆறுதல்.

வீட்டை இரண்டு முறை பார்த்தேன். குழாய்களைத் திறந்து பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஊறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தரையில் ஓடுகளுக்கு நடுவே புதிதாக வெள்ளைப் பூச்சு. பராமரித்து வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரரிடம், "ஏதாவது பிரச்சினை இருக்கா ஐயா?" என்று கேட்டேன். அவர், "நீங்களே நல்லாப் பாருங்கம்மா" என்றார். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சாவி கைக்கு வந்து பன்னிரண்டு நாள் இருக்கும். எட்டாவது மாடியிலிருந்து ஒரு சீனப் பாட்டி, குடியிருப்பவரிடம் என் நம்பரை வாங்கி அழைத்தார். மலாயில்தான் பேசினார். "அத்தாஸ் போச்சோர், லாமா சுடா." மேலேயிருந்து ஒழுகுகிறது, ரொம்ப நாளாக. போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக் குளியலறைக் கூரையில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பெரிய கறை, நடுவில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது, கீழே ஒரு நீல வாளி. பாட்டி அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கட்டட நிர்வாகம் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த கசிவுப் பரிசோதனைச் சான்றிதழ். ஒன்பதாவது மாடி வீட்டுத் தரையிலிருந்துதான் நீர் இறங்குகிறது, அந்த வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும் என்று இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் புக்கிங் பணம் கட்டிய நாளுக்கு ஏழு வாரம் முன்பு.

அந்த வாசகர் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான் விலை கொடுத்து வாங்கிய குறை நான் வாங்கிய வீட்டுக்குள் இல்லை, இன்னொருவர் வீட்டுக் கூரையில் இருந்தது. எவ்வளவு பெரிய பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் என் வீட்டுக்குள்ளே தெரியாது. அந்த வெள்ளைப் பூச்சு ஒன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டேன்!

மலேசியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2013இல் நிறைவேறியது. அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், மாடிக்கு மாடி கசிவு என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல் வீட்டில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. நல்ல விதிதான். கீழே இருக்கிற பாட்டி வக்கீல் வைத்து வழக்காட முடியுமா? ஆனால் வீடு கைமாறும்போது அந்தப் பொறுப்பும் சத்தமில்லாமல் கைமாறிவிடுகிறது. ஓடுகளை உடைத்து, நீர்புகாப் பூச்சுப் போட்டு, மறுபடி ஓடு பதிக்க 5,900 ரிங்கிட். பாட்டி வீட்டுக் கூரையைச் சரிசெய்ய 700. வேலை நடந்த ஒன்பது நாளும் என் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒரே குளியலறை, அதற்காக அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. மின்தூக்கியை மாற்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். என் வீட்டின் பங்குக்கு 1,200 ரிங்கிட். தீர்மானம் பழைய வீட்டுக்காரர் காலத்தில், பில் என் காலத்தில். பழைய வீட்டுக்காரர் குடியிருப்பவரிடம் வாங்கி வைத்திருந்த இரண்டரை மாத முன்பணமும் என் கைக்கு வரவில்லை. குடியிருந்தவர் காலி செய்தபோது 2,375 ரிங்கிட்டை என் பையிலிருந்துதான் கொடுத்தேன். இது என் முட்டாள்தனம். ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விடுங்கள்.

வழக்குப் போடலாமா என்று ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆண்டி, ஒரு குதிரைக் கதை சொல்லட்டுமா?" என்றார். கதை இல்லை, சட்டம். நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. அதன் கீழே எடுத்துக்காட்டாக ஒரு குதிரையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே குதிரைதான் நிற்கிறது.

ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோய் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. சும்மா இருப்பது குற்றமில்லை என்கிறது சட்டம். வாங்குகிறவள் விற்பவரின் சொந்த மகள், இப்போதுதான் சட்டப்படி மேஜர் ஆனவள் என்றால், அந்த உறவினாலேயே சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு நோயில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்" என்று சொல்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "நான் அவர் மகள் இல்லையே" என்றேன்.

"மூன்றாவது மாதிரி கேட்டீங்களா?" என்றார். நான் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டினார். "இல்லைன்னு சொல்லியிருந்தா, உண்மைக்கு மாறாச் சொன்னாருன்னு பேசலாம். 'பாருங்க'ன்னு சொல்றது பொய் இல்லையே ஆண்டி."

அந்தப் பூச்சைக் காட்டி, குறையை மூடி மறைத்தார் என்று வாதாடலாம் என்றும் சொன்னார். ஆனால் ஓட்டுக்கு நடுவே பூச்சுப் பூசியதை ரிப்பேர் என்று அவர் சொல்லுவார், மறைப்பு என்று நான் சொல்லுவேன். அதுவும் இல்லாமல் 19ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறதாம். மௌனத்தால் ஏமாந்தாலும், சாதாரண அக்கறையோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "கீழே போய் ஒரு கதவைத் தட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்னு அவங்க வக்கீல் சொல்லுவார்" என்றார். ஒப்பந்தத்திலும் வீடு இருக்கிற நிலையிலேயே வாங்கப்படுகிறது என்ற வரி இருந்தது. அதில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது.

வேறு எங்கே போகலாம் என்றும் கேட்டேன். வீடு வாங்குவோர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறதே? அது வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குகிறவர்களுக்கு. ஸ்ட்ராத்தா நடுவர் மன்றம்? அது நிர்வாகத்துக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் இடையிலான தகராறுக்கு. பழைய வீட்டை விற்றவரை அங்கே இழுக்க முடியாது. சிறு வழக்குகள் என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே போடலாம், ஆனால் உச்சவரம்பு 5,000 ரிங்கிட், என் கசிவுச் செலவு மட்டுமே 6,600. வழக்கறிஞர் அந்த ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

என் சார்பில் ஒப்பந்த வேலை பார்த்த வழக்கறிஞரைக் குறை சொல்லமாட்டேன். கொம்தாரில் நில அலுவலகத்தில் தேடுதல் செய்தார். கிராண்டில், அதாவது சொத்துரிமைப் பத்திரத்தில், யார் பெயர், எந்த வங்கி அடமானம், கைமாற்றத்தைத் தடுக்க யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, விற்பவர் திவாலானவரா, எல்லாம் பார்த்தார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பாக்கி இல்லை என்று பதிலும் வாங்கினார். ஆனால் கிராண்டில் கசிவு எழுதியிருக்காது. பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் பாக்கியைத்தான் சொல்வார்கள், அடுத்த மாதம் வரப்போகிற மின்தூக்கிச் செலவைச் சொல்லமாட்டார்கள். கேள்விக்குத்தான் பதில். தொழிற்சாலையிலும் அப்படித்தான், படிவத்தில் கட்டம் இல்லாத குறையை யாரும் எழுதமாட்டார்கள்.

வீட்டு முகவரையும் நான் அப்போது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அந்தத் தம்பி எனக்கு வீடு காட்டினார், எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், என்னை ஆண்டி என்று கூப்பிட்டார். அதனால் என் ஆள் என்று நினைத்தேன். அவருக்குக் கமிஷன் கொடுத்தது விற்றவர். கமிஷனுக்கு உச்சவரம்பு, வீட்டு விலையில் 3 விழுக்காடு. யார் கூலி கொடுக்கிறாரோ அவர் பக்கம் நிற்பது தப்பில்லை, ஆனால் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு 3 விழுக்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. விற்பவரின் லாபத்துக்கான சொத்து ஆதாய வரிக்காக, வாங்குபவர் தரப்பு வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வைத்து 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். என் வீட்டுக்கு அது 9,600 ரிங்கிட். விற்பவர் வரி கட்டாமல் போய்விடுவாரோ என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம், அதனால் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. சரி, நியாயம். விற்பவர் குறையைச் சொல்லாமல் போய்விடுவாரோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வரக்கூடாதா? அதற்கு ஒரு வெள்ளி கூடப் பிடிப்பதில்லை. அந்த 9,600 ஒரு மாதம் வழக்கறிஞரிடம் தங்கியிருந்தால் பாட்டி வீட்டு வாளிக்கும் சேர்த்துத் தீர்வு கிடைத்திருக்கும்.

என் அக்கா மகன் மெல்பர்னில் இருக்கிறான். அங்கே வீடு வாங்கியபோது விற்பவர் கொடுத்த அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினான், ஒரு கல்யாண ஆல்பம் கனம் இருந்தது. விக்டோரியா மாநிலத்தின் 1962ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டத்தில் 32ஆவது பிரிவு அது. அடமானம், வரிகள், கட்டட அனுமதி, அரசாங்கத்திடமிருந்து வந்த நோட்டீஸ் என்று எல்லாம் எழுதி, வாங்குபவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து, வாங்குபவரின் மனதை மாற்றக்கூடிய முக்கியமான விஷயத்தைத் தெரிந்தே மறைப்பதும் அங்கே குற்றம். இங்கேயும் மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் அரசாங்கம் வகுத்த ஒப்பந்தப் படிவம் இருக்கிறது, அதில் கண்டபடி கையை வைக்க முடியாது. குறை தெரிந்தால் மேம்பாட்டாளரே சரிசெய்து தர 24 மாதக் குறைசீர் காலம் இருக்கிறது. அதே வீடு கைமாறி இரண்டாவது ஆளிடம் வரும்போது எந்தப் படிவமும் இல்லை. புது வீட்டை விடப் பழைய வீட்டில்தானே குறை அதிகம்?

நான் கேட்பது பெரிய சட்டம் எல்லாம் இல்லை. இரண்டு பக்கத் தாள். கசிவுச் சான்றிதழ் ஏதாவது வந்திருக்கிறதா, பொதுக்கூட்டத்தில் செலவுத் தீர்மானம் போட்டிருக்கிறார்களா, நடுவர் மன்றத்தில் வழக்கு இருக்கிறதா, குடியிருப்பவரின் முன்பணம் எவ்வளவு, யாரிடம். புக்கிங் பணம் வாங்குவதற்கு முன் விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் பிடித்து வைத்த பணத்திலிருந்து செலவை எடுத்துக்கொள்ளலாம். அது வரும் வரை, குதிரைக் கதையின் மூன்றாம் பாகத்தை எல்லோரும் வாட்ஸ்அப்பில் எழுதி விற்பவருக்கே அனுப்புங்கள். "கீழ் வீட்டுக்குக் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன், தவறு என்றால் மறுத்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பினால் போதும்.

இதை எல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த வீட்டை இந்த ஆண்டு நான் விற்கிறேன். ஆறாவது ஆண்டு தாண்டிவிட்டது, குடிமக்களுக்கு ஆதாய வரி இல்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். இந்த முறை முகவர் என் பக்கம். கமிஷன் கொடுப்பது நான். உட்கார்ந்தவுடன் அவர் சொன்ன முதல் வாக்கியம், "ஆண்டி, கேக்காததை நாம சொல்ல வேண்டாம்."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மனிதரிடம் அவருடைய முகவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார். அவரை நான் எத்தனையோ இரவு சபித்திருக்கிறேன். அவரும் என்னைப் போல ஏதோ ஒரு செலவுக்காக விற்றவராக இருக்கலாம். சபித்ததை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நான் தாள் எழுதினேன். பழைய கசிவு, அதைச் சரிசெய்த பில், அதற்குப் பிறகு புகார் வராதது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கட்டடத்துக்குச் சாயம் அடிக்கும் செலவு பேசப்படப் போவது. இது வரை கை ஓடியது. நான்காவது வரியில் நின்றுவிட்டது. 2022இல் அந்த வீட்டில் குடியிருந்த ஒரு பெரியவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். தனியாக இருந்தவர். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இதைச் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான் கேட்கும் படிவத்தில் கூட இதற்குக் கட்டம் வேண்டும் என்று சொல்லமாட்டேன். மனிதர் இறப்பது கட்டடக் கோளாறு இல்லை. ஆனால் வாங்குகிறவர் முதல் வாரமே பக்கத்து வீட்டாரிடமிருந்து கேள்விப்படுவார். அன்றைக்கு அவர் மனதில் நான் யாராக இருப்பேன் என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

முகவர் தாளைப் படித்துவிட்டு, "இதுக்கு நீங்க வீட்டைச் சும்மாவே குடுத்திடலாம்" என்றார். முதலில் வந்தவருக்கு வீடு ரொம்பப் பிடித்திருந்தது. நான்காவது வரியைப் படித்தார், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. முகவர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போன சனிக்கிழமை ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர்களும் முதலீட்டுக்குத்தான், வாடகை எவ்வளவு வரும் என்றுதான் முதலில் கேட்டார்கள். தாளைக் கொடுத்தேன். மனைவி இரண்டு முறை படித்தார். பெரியவர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கீழ் வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?" என்றார். அதே பாட்டிதான், எண்பதைத் தாண்டிவிட்டார், வீட்டில்தான் இருப்பார் என்றேன். முகவர் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தப் போனார். அந்தப் பெண் அதற்குள் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டாவது மாடிக்கு இறங்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுங்கை டுவா, பினாங்கு